முதலில் எழுந்தவள்

கூடைப்பந்து ஆட்டத்தில் வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்து எங்கே வந்து விழும் என்பது லூபே தவுஃபாவுக்கு முன்கூட்டியே தெரியும். போரிருவா ஊரில் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் கிடையாது. மற்றவர்கள் எம்பிக் குதித்து முட்டிமோதிக்கொண்டிருக்கும்போது அவள் ஓரடி நகர்ந்து நிற்பாள். பந்து அவள் கைக்கே வந்து சேரும். ஆறடியைத் தாண்டிய உயரம். ஓட வேண்டிய இடத்தில் நடப்பாள், நடக்க வேண்டிய இடத்தில் நிற்பாள்.

"தேவைக்கு மேல ஒரு சொட்டு வேர்வை சிந்த மாட்டாடீ இவ" என்பாள் அணியில் அவளுக்கு ஒரு வகுப்பு இளையவளான திரேசா. லூபே அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

படிப்பிலும் அப்படித்தான். ஆண்டு முழுவதும் வகுப்பிலேயே நடக்கும் தேர்வுகளில் கிரெடிட் என்னும் புள்ளிகள் சேர்ந்துகொண்டே வரும். வேண்டிய அளவு சேர்ந்துவிட்டால் நவம்பரில் வரும் பெரிய தேர்வை எழுதினாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான் என்பது அங்கே பிள்ளைகள் போட்டுவைத்திருக்கும் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வன்று லூபே மூன்று தாள்களிலும் பெயரை மட்டும் எழுதினாள். வெளியே போக விரும்புகிறவர்கள் போகலாம் என்று அறிவித்ததும் முதல் ஆளாக எழுந்தாள். கேப்டனான அவளே எழுந்தால் அணி உட்கார்ந்திருக்குமா? கூடத்தில் பாதி காலியானது. சற்று நேரத்தில் எல்லோரும் டிட்டாஹி பே கடற்கரையில் மீன் வறுவலும் சிப்ஸும் தின்றுகொண்டிருந்தார்கள். பள்ளியில் அது ஒரு வீரக்கதையாகவே நிலைத்துவிட்டது.

அடுத்த ஆண்டு, பள்ளியின் கடைசி வகுப்பான பதின்மூன்றில் அவள் இருந்தபோது, ஆண்டின் நடுவில் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. மொன்டானாவில் மலையோரத்துக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் மார்லீன், லூபேயின் ஆட்டத்தை வீடியோவில் பார்த்திருந்தார். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கல்லூரியின் பொறுப்பு. பஸ் ஓட்டுநரான அப்பா அதுனைசா, சீருடையைக்கூடக் கழற்றாமல், தேவாலயத்தில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து அதைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையே ஓஃபா அத்தை சபையில் செய்தியை அறிவித்துவிட்டாள். தீவு நாடான டோங்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் அத்தை பேச நினைத்தால் தடுக்க ஆள் இல்லை. கூடப் பிறந்த தம்பியான அப்பாவால் முடியவே முடியாது.

செப்டம்பர் கடைசியில் மார்லீன் மறுபடி அழைத்தார். இந்த முறை குரலில் வேகம் இல்லை.

"உன் மதிப்பெண்ணைத் தகுதி பாக்கிற அலுவலகத்துக்கு அனுப்பினோம் லூபே. கணக்குல மூணு இடம் காலியா இருக்காம். அன்னிக்கு உடம்பு சரியில்லையாம்மா?"

லூபே அப்பாவைப் பார்த்தாள். "இல்ல கோச். பசிச்சுது."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"கிரெடிட்தான் போதுமான அளவு இருந்துச்சே. அதான் எழுந்துட்டேன்."

"உங்க ஊருக்கு அது போதும். இங்க அந்தப் பாடத்தை நீ முடிக்கவே இல்லைங்கிறாங்க. வெறும் பாஸ் வாங்கினாலும் உன் சராசரி எட்டாது. நவம்பர்ல அதே தேர்வை மறுபடி எழுது. மூணு தாள்ல ரெண்டுலயாவது பாஸுக்கு மேல இருக்கிற மெரிட் வேணும். ஜனவரி வரைக்கும் உன் இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன். தடுத்து ஆடறதை நான் சொல்லித் தந்துடுவேன். இதை மட்டும் நீதான் கொண்டு வரணும்."

திரை அணைந்ததும் அப்பா வாயைத் திறந்தார். "பசிச்சுதாம்! ஏன், நம்ம வீட்டுல கிழங்கு அவிக்கிறதில்லையா? உங்க அத்தை சபையில சொல்லியாச்சு, தெரியும்ல?"

"தெரியும்பா."

"மைக்ல சொல்லியிருக்கா. ரெண்டு தடவை!"

லூபே கலங்கவில்லை. ரெண்டு என்றால் ரெண்டு. இயற்கணிதம், நிகழ்தகவு. மூன்றாவதான நுண்கணிதம் யாருக்கு வேண்டும்? எதிரணியின் பழைய ஆட்டங்களைப் பார்ப்பதுபோலப் பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். பத்துப் பதினைந்து கணக்குக்குப் பிறகு, எந்தக் கேள்வி எந்தப் பக்கம் தெறிக்கும் என்பது பிடிபட ஆரம்பித்தது. வீட்டில் தம்பிகள் தொல்லை என்பதால் பள்ளி விட்டதும் அப்பாவின் பஸ்ஸில் கடைசி இருக்கைக்குப் போய்விடுவாள். அவர் சுற்று முடிக்கும்வரை அங்கேதான்.

"பின்னாடி பேனா சத்தமே கேக்கல!" என்று அப்பா கண்ணாடியில் பார்த்துக் கத்துவார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்கப்பா!"

நெரிசலான நாட்களில் கணக்கு தீர்ந்துவிடும், பாதை தீராது. அப்போது வேறு வழியில்லாமல் நுண்கணிதத்தையும் போட்டுப் பார்ப்பாள்.

தேர்வு பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் நடந்தது. அவளுடைய மேசை சரியாக வளையத்துக்கு அடியில். இது என் இடம் என்று காலை நீட்டி உட்கார்ந்தாள். முன்வரிசையில் திரேசாவும் பன்னிரண்டாம் வகுப்பு ஆட்டக்காரிகளும் இருந்தார்கள். இயற்கணிதம் அவள் சொன்னபடி கேட்டது. நிகழ்தகவில்தான் கடைசிக் கேள்வி வேறு பக்கம் தெறித்தது. இரண்டு முறை அடித்து எழுதினாள். இதில் பாஸ் வரும், மெரிட் வராது. உள்ளுக்குள் அது உறுதியாகத் தெரிந்தது.

வெளியே போகலாம் என்ற அறிவிப்பு வந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. முன்வரிசை முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. திரேசா புருவத்தைத் தூக்கினாள். கிளம்பலாமா என்று அதற்குப் பொருள். பதிலுக்கு லூபேயின் புருவம் அசைந்திருந்தால் போதும், அத்தனை பேரும் எழுந்திருப்பார்கள்.

லூபே நுண்கணிதத் தாளை இழுத்து முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

திரேசா சிறிது நேரம் நம்பாமல் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பிப் பேனாவைத் திறந்தாள். மற்றவர்களும் திறந்தார்கள்.

வெளியே வந்ததும் திரேசா சண்டைக்கு வந்தாள். "உன்னை நம்பிக் காலையில சாப்பிடாம வந்தேன்டீ! மூணு மணி நேரம்! அந்தக் கடைசித் தாள்ல என்ன கேக்கிறாங்கன்னே எனக்குத் தெரியாது."

"அப்ப என்னதான் எழுதின?"

"தெரிஞ்சதை எல்லாம் எழுதினேன். பாஸாகித் தொலைச்சேன்னா நீதான் பொறுப்பு."

அந்த ஊரில் கோடையான ஜனவரியின் வெயிலில், அப்பாவின் பஸ் ரயில் நிலையத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தபோது முடிவு கைபேசியில் வந்தது. லூபே கடைசி இருக்கையிலிருந்து எழுந்தாள். இந்த முறை நடக்கவில்லை, ஓடினாள். கைபேசியை அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். இயற்கணிதம் மெரிட். நிகழ்தகவு வெறும் பாஸ். நுண்கணிதம் மெரிட்.

அதுனைசா ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார். தலையில் இருந்த தொப்பியைச் சரிசெய்தார். பிறகு ஓட்டுநர் மைக்கை எடுத்து, "பயணிகளின் கவனத்துக்கு, என் மகள் அமெரிக்கா போறா" என்றார். பஸ் கைதட்டியது. அவர் மறுபடி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அப்பா, ஒரு தடவை போதும்."

"உன் கணக்குப்படி போதும்மா" என்றார் அவர். இன்னொரு தடவையும் சொன்னார்.