வடக்கே தலை வைக்காத கட்டில்

மகளின் அறைக்குள் நான் போய் உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். முதல் இரண்டு தடவை நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு மனதில் ஏதோ உறுத்தத் தொடங்கியது.

அவள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. பாதி வகுப்புகள் வீட்டிலிருந்தே நடந்தன. நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். கிள்ளானில் இருக்கும் வீட்டுக்கு வந்து குளித்ததும், சாப்பிடும்வரை அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பது என் வழக்கம். பேசமாட்டேன். பெற்ற பிள்ளையிடம்கூட எனக்குக் கூச்சம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் என்பதால் திரையில் ஓடும் ஆங்கிலமும் புரியாது.

"என்னம்மா ஆச்சு?"

"தானா ஆஃப் ஆயிடுச்சுப்பா. நீங்க வந்து உக்காந்தாலே போயிடுது. உங்க ராசி அப்படி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருடனோ பேசுகிறாள், அப்பா வந்ததும் அணைத்துவிடுகிறாள் என்று தோன்றியது. கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் அடுத்து என்ன பேசுவது? அதனால் அவள் கைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் இரண்டு கையும் மடியில் இருக்கும்போதே திரை இருண்டது. காலால் சுவிட்சை அமுக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பழுது பார்ப்பவருக்குப் போன் செய்தேன். "பெட்டிய மட்டும் கொண்டாங்க அண்ணே, வயரெல்லாம் இங்க இருக்கு" என்றார். கொடுத்துவிட்டு மறுநாள் போனேன்.

"காலையில இருந்து ஓடுது, பாருங்க. ஒரு வாட்டிகூட ஆஃப் ஆகல. பெட்டி ஓகே லா. வீட்டுல எத்தன பேரு?"

"மூணு பேரு."

"அப்ப மூணு பேர்ல யாரோதான்" என்று சிரித்தார்.

பெட்டியோடு அந்தச் சிரிப்பும் வீடுவரை என்னோடு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் கோயிலுக்குப் போனதும் கம்ப்யூட்டரைத் திறந்து ஓடவிட்டு, கதவோரம் நின்று பார்த்தேன். ஓடிக்கொண்டே இருந்தது. பார்த்தாயா, அவள் இல்லாவிட்டால் அணைவதில்லை என்று மனது சொன்னது. கால் வலித்தது. வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

அணைந்தது.

வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். மகள் வடக்கே தலை வைத்துப் படுக்கிறாள், பரீட்சை நேரத்தில் ஆகாது என்று மனைவி சொன்னதால், அந்த இரும்புக் கட்டிலை நான்தான் திருப்பிப் போட்டிருந்தேன். அப்போது அதன் ஒரு கால் கம்ப்யூட்டர் வயரின்மேல் ஏறி நின்றுவிட்டது. நான் உட்காரும்போது வயர் இழுபட்டு, பெட்டியின் பின்னால் தளர்ந்திருந்த முனை லேசாக விலகியது; எழுந்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டது. அவள் படுக்கும்போது கம்ப்யூட்டர் ஓடுவதில்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

வயரை விடுவித்துச் சுவரோரமாகக் கட்டி, முனையை அழுத்திச் செருகினேன். அவர்கள் திரும்பியதும் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அட, நீங்கதான் காலால சுவிட்ச அமுக்குறீங்கன்னு நெனச்சேன்பா. நான் படிக்கிறது உங்களுக்குப் பிடிக்கலையோன்னு. அம்மாகிட்டகூட சொன்னேன்."

"நான் நம்பல" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "உங்கப்பாவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது?"

மகள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். நான் மெதுவாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இருவரும் திரையையே பார்த்தோம். அணையவில்லை. வரிவரியாக ஆங்கிலம். அதில் என்ன இருக்கிறது என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.