கையெழுத்து வாங்காமல் எடுத்த படம்

இந்த ஊரில் புத்தகம் படிக்க வருகிறவர்களிடம் முதலில் ஒரு தாளை நீட்ட வேண்டும். 'உங்களைப் படமெடுக்கலாமா, எடுத்தால் எங்கே போடலாம்' என்று கேட்கும் தாள். ஜெர்மன்காரர்கள் அதை 'ஐன்வில்லிகுங்' என்கிறார்கள்; சம்மதம் என்று பொருள். பல்கலைக்கழகத்தில் புதன்கிழமை வாசிப்புக் குழுக்களை ஒருங்கிணைப்பது என் வேலை. அறை பிடிக்க வேண்டும், படிக்க வேண்டிய பக்கங்களை முன்கூட்டி அனுப்ப வேண்டும், வாயே திறக்காதவரைப் பேசவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தத் தாள். ஒருவர் 'வேண்டாம்' என்று குறித்தால் அன்று படமே கிடையாது. வந்த புதிதில் மற்ற இந்தியர்கள் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழுவுக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை மார்ட்டினா ஒருநாள், "ஒவ்வொரு தாளையும் ஏன் மூன்று முறை பார்க்கிறாய்?" என்று கேட்டார். "இப்படிக் கையெழுத்துப் போட என் தோழிக்கு வாய்க்கவில்லை" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், எழுதத் தெரியாதவளா?" என்றார். விளக்கத் தொடங்கினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. தலையாட்டிவிட்டேன்.

செல்விக்கு எழுத மட்டுமா தெரியும்? தருமபுரியில் நான் எம்.ஏ. படித்தபோது வகுப்பு முடிந்ததும் ஒரு வாசிப்புக் குழு நடத்தினேன். பத்துப் பேர் வருவோம். அவள் பி.ஏ. இரண்டாம் வருடம்; ஏரியூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். நாங்கள் கதையைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது, "அந்தப் பொம்பள ஏன் ஒரு வார்த்தகூடப் பேசலைங்க? எழுதுனவருக்கு அது தோணலியா?" என்று கேட்டுவிடுவாள். அதன் பிறகு ஒரு மணி நேரம் விவாதம் அடங்காது.

ஒருநாள் பிரதி போதாமல் அவளும் ஒரு பையனும் ஒரே புத்தகத்தைப் பார்த்துப் படித்தார்கள். அழகாக இருக்கிறதே என்று படமெடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தெரியாது. பையன் வேறு சாதி. சாயங்காலம் செல்வி போன் செய்தாள். "அக்கா, அத எடுத்துடுங்க. யாரோ மாமாகிட்ட காட்டிட்டாங்க." உடனே அழித்தேன். திங்கட்கிழமை அவள் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. இரண்டு மாதத்தில் தொப்பூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

போன வருடம் விடுமுறையில் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் மாமியார், "யாருங்கம்மா நீங்க?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து செல்வி வந்தாள். என்னை ஒரு கணம் பார்த்தாள். "கணக்கெடுக்க வந்திருக்காங்க அத்த" என்றாள்.

எனக்குப் புரிந்தது. பையிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டில் எத்தனை பேர், கிணறு உண்டா, மாடு உண்டா என்று கேட்டேன். மாமியார் பொறுமையாகச் சொன்னார். "காலேஜ் படிச்சவங்க?" என்று ஏன் கேட்டேனோ தெரியவில்லை.

"யாரும் படிக்கலைங்க மேடம்" என்றாள் செல்வி.

அதையும் எழுதிக்கொண்டேன்.

தெருமுனை வரை வழிகாட்டும் சாக்கில் கூட வந்தாள். "இனிமே வராதீங்க அக்கா. உங்க மேல கோவமில்லீங்க. எம் புள்ளைய காலேஜுக்கு அனுப்பணும். அதுவரைக்கும் இந்த வூட்ல நான் வாயத் தொறக்கக் கூடாது." மன்னிப்புக் கேட்க நான்கு வருடமாக மனதில் எழுதி வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லத் தொடங்குவதற்குள், அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து என் பஸ் வெகுநேரம் நின்றது. இறங்கித் திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். போய் என்ன கணக்கெடுப்பது?

இந்த வாரம் குழுவுக்குப் புதிதாக ஒரு மாணவி வந்தாள். பெயரையும் முகத்தையும் பார்த்ததும் தமிழ் என்று தெரிந்தது. கூட்டம் முடிந்ததும் அருகில் வந்து, "அக்கா, நான் பென்னாகரங்க. நீங்க நம்மூர்ப் பக்கங்களா?" என்றாள். செல்வியின் ஏரியூருக்குப் பக்கத்து ஊர்தான் பென்னாகரம். நம்மூர் என்று சொன்னால் அடுத்து எந்தத் தெரு, எந்தக் கல்லூரி, யாரைத் தெரியும் என்று கேட்பாள்.

"இல்லீங்க, பெங்களூருங்க" என்றேன்.

சொன்ன எனக்கே கேட்டது, அந்த நம்மூர் 'ங்க'. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.