பின்பக்கம் காலியாக விடச் சொன்னவர்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் டிசைன் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக், விசிட்டிங் கார்டு என்று வந்ததையெல்லாம் செய்தேன். நல்ல விசிட்டிங் கார்டு எப்படிப் போடுவது என்று எழுதித் தரும்படி இப்போது அங்கே வேலை செய்யும் பெண்கள் கேட்டார்கள். எழுத்து அளவு, மார்ஜின், கலர் எல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை நான் கற்றுக்கொண்ட விதம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஆர்டர்

வடக்கனந்தலிலிருந்து ஏழுமலை என்ற ஜீப் டிரைவர் வந்தார். கல்வராயன் மலைக்கு ஆட்களையும் சாமானையும் ஏற்றிப் போகிறவர். மலை ஊர்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறவர்கள் பாதிப் பேர் அவர் வண்டியில்தான் வருவார்கள்.

“பேரு, ஜீப்பு, நம்பரு. நம்பரு பெருசா தெரியணும். பின்னாடி மட்டும் ஒண்ணும் போடாதீங்க மேடம்” என்றார்.

பின்பக்கத்தைக் காலியாக விடச் சொன்னால் எனக்குக் கை பரபரக்கும். முருகர் படமோ காலண்டரோ போட்டே பழகிவிட்டது. “வெறும் வெள்ளையாவா? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?” என்றேன்.

“மேல போய்ட்டா என் சிம்மு எடுக்காதுங்க. ஒவ்வொரு பக்கமும் ஒரு கடையிலதான் டவர் எடுக்கும், அதுவும் வேற சிம்மு. அந்தக் கடைகிட்டதான் வண்டிய போட்டுக்கினு இருப்பேன். எந்த ஊருக்காரங்களோ, அவங்க பக்கத்துக் கடைக்காரர் நம்பர பின்னாடி எழுதிக் குடுப்பேன். அவருக்குப் போன் போட்டா எனக்குச் சொல்லிடுவாரு.”

நியாயமாகப் பட்டது, காலியாகவே விட்டேன். மஞ்சளில் கறுப்பு எழுத்து, கட்டை விரல் அகலத்துக்கு நம்பர். ஆனால் அவர் கேட்காத ஒன்றையும் செய்தேன். இரண்டு பக்கமும் கிளாஸ் லேமினேஷன், அதாவது பளபளக்கும் பிளாஸ்டிக் உறை, போடக் கொடுத்துவிட்டேன். மலையில் மழை ஜாஸ்தி, சட்டைப் பையில் வியர்வை, கார்டு ஊறிப் போகக் கூடாது என்று நானே யோசித்துச் செய்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

டெலிவரி

கார்டு வாங்க வந்தபோது அவர் முன்னாலேயே ஒரு கார்டின் மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றி, முந்தானையால் துடைத்துக் காட்டினேன். எழுத்து பளிச்சென்று இருந்தது. அவர் சிரித்தார். என் ஜெல் பேனாவை வாங்கி, இன்னொரு கார்டின் பின்னால் ஒரு நம்பர் எழுதிப் பார்த்தார்.

“வழுக்குதுங்களே மேடம்.”

ஒரு மஞ்சள் நீராட்டு விழா பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். “காய வுட்டுக் குடுங்க, நிக்கும்” என்றேன்.

நிற்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் திரும்பப் போட்டுக் கொடுக்க வேண்டி வரும். அவர் அதை நம்பி, கார்டுக் கட்டை எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்த கார்டு

ஐப்பசி மழையில் ஒரு நாள் வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. ஒரு கார்டை மேஜைமேல் வைத்தார். முன்பக்கம் அன்று கொடுத்தது போலவே பளபளத்தது. பின்பக்கத்தில் நீலமாக ஒரு மை ஈஷல். முதல் மூன்று எண்கள் மட்டும் தெரிந்தன.

மலையில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். மத்தியானம் வலி எடுத்திருக்கிறது. புருஷன் மழையில் பாறைமேல் ஏறி, டவர் பிடித்து, ஏழுமலையின் நம்பருக்குப் போட்டிருக்கிறான். லைன் கிடைக்கவில்லை. கார்டைத் திருப்பியிருக்கிறான். ஒரு வாரம் சட்டைப் பையில் நனைந்து கிடந்த கார்டு அது. பிறகு நான்கு பேர் அவளைப் போர்வையில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ரோட்டோடு அந்தப் பக்கத்துக் கடைக்கு நடந்திருக்கிறார்கள். அவர்கள் கடையடிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஜீப் மலை இறங்குவதற்குள் குழந்தை பிறந்தது. அது அழவில்லை. தாய் பிழைத்துக்கொண்டாள்.

“மத்தியானத்துலேர்ந்து அந்தக் கடையிலதான் மேடம் குந்திக்கினு இருந்தேன். மழைக்கு சவாரி இல்ல. போன் வந்திருந்தா இருவது நிமிசத்துல அவங்க வூட்டாண்ட போயிருப்பேன்.”

“என் தப்புங்க” என்றேன்.

“உங்கள சொல்லி இன்னா ஆவப்போவுது? வழுக்குதுன்னு தெரிஞ்சுதான நானும் எழுதிக் குடுத்தேன்.” கார்டை என் பக்கம் தள்ளினார். “வேற போட்டுக் குடுங்க. அந்த வூட்டுக்கும் ஒண்ணு குடுக்கணும். அந்தப் பொண்ணு அங்கதான இருந்தாவணும்.”

அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்றே லேமினேஷன் இல்லாத வெறும் அட்டையில் போட்டுக் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் ஒன்றில் எழுதி, விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பால்பாயிண்ட் எழுத்து நின்றது. அதன் பிறகு நான் வேலையில் இருந்தவரை எந்தக் கார்டையும் அப்படித் தேய்த்துப் பார்க்காமல் கொடுத்ததில்லை. கார்டு வாங்க வரும் ஜவுளிக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

பெண்களே, கார்டு கையை விட்டுப் போன பிறகு அதை வைத்து என்ன செய்வார்கள் என்று வாங்குகிறவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைச் செய்து பாருங்கள். ஏழுமலை எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். தண்ணீர் பாட்டிலும் மேஜைமேல்தான் இருந்தது. முன்பக்கத்தில் ஊற்றிக் காட்டினேன். அவர் எழுதிய பக்கத்தில் ஊற்றிப் பார்க்கவில்லை.