இரைச்சல் இல்லாத குரல்

மவுசை நகர்த்தினால் ஹெட்போனில் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். பொம்மனஹள்ளியில் எங்கள் வீட்டுக் கணினிக்கு இருந்த வியாதி அது. உள்ளே இருந்த சவுண்டு கார்டு, மின்விசிறியின் உறுமலையும் குரலோடு சேர்த்தே பதிவு செய்துவிடும். இன்று கையிலிருக்கும் போனே இரைச்சலை வடிகட்டித் தருகிறது. அன்று பாட்டு மட்டும் கேட்ட எனக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. சித்தப்பாவுக்குத்தான் ஆகவே ஆகாது.

சித்தப்பா மைக்கில் பேசிப் பிழைத்தவர். தங்கவயல் சுரங்க வேலையை விட்டு ஹெப்பகோடிக்கு வந்து, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, சொட்டு மருந்து, கோயில் திருவிழா, காணாமல் போன குழந்தை என்று எதையும் முதலில் கன்னடத்திலும் பிறகு தமிழிலும் அறிவிப்பார். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் இருக்கும், பேச்சு இருக்காது என்றார் மருத்துவர். சித்தப்பா என்னிடம் வந்தார். "அதுக்குள்ள என் கொரல புடிச்சி வெச்சிடுடா. நான் பேசலன்னா அவளுக்கு ஊடே வெறிச்சுனு பூடும்." அவள் என்றது சித்தியை. பிள்ளைகள் இல்லாத வீடு அது. அவருடைய ஓயாத வாய்தான் அங்கே சந்தடி.

முதலில் மைக் வேலை செய்கிறதா என்று பார்த்தோம். பதிவாகிறது என்பது தெரியாமல், எங்கள் சமையற்கட்டில் இருந்த சித்தியைப் பார்த்து, "இந்தாமே, டீ போட்டியா, இல்ல இலை பறிக்க ஊட்டிக்கே பூட்டியா?" என்று கத்தினார். சித்தியின் சிரிப்பும் அதில் விழுந்தது. போட்டுக் காட்டியதும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"இன்னாடா இது, மாவு மெஷின்ல ஒக்காந்து பேசறாமாதிரி கீது? அழிச்சுடு."

இருக்கட்டுமே என்றேன். அழிக்கும்வரை அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

எஸ்.பி. ரோடு கணினிக் கடைக்காரர் இரண்டு வழி சொன்னார். நல்ல சவுண்டு கார்டு இருக்கிறது, இன்றே மாட்டலாம்; ஆனால் கணினிக்குள்ளேயே உட்காருவதால் இரைச்சல் குறையும், அடியோடு போகும் என்று சொல்ல முடியாது. ஆடியோ இன்டர்ஃபேஸ் வெளியே வைக்கிற பெட்டி, அதில் குரல் சுத்தமாக விழும், வரவழைக்கத்தான் நாளாகும். நான் கார்டு போதும் என்றேன். சித்தப்பா, "பொட்டியே வரட்டும். ஊரெல்லாம் கேட்ட கொரலுடா இது" என்றார். அதற்குமேல் அவரிடம் யார் பேசுவது? குரல் நாளுக்கு நாள் கம்மிக்கொண்டே போனது. நான் கடைக்குப் போன் போட்டுப் பார்த்தேன், சித்தி சாமிக்கு வேண்டிப் பார்த்தாள். பெட்டி அது வருகிறபோதுதான் வந்தது. மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் சேரவேண்டும்.

பெட்டி பொய் சொல்லவில்லை. துளி இரைச்சல் இல்லை. சித்தப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து, மைக்கின் முன் முதுகை நிமிர்த்தினார். "மரியாதைக்குரிய என் துணைவியார் அவர்களுக்கு ஓர் அன்பான வேண்டுகோள். நேரத்துக்கு உணவருந்துமாறும், மாத்திரைகளைத் தவறாமல் உட்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசுங்கள் என்றேன். மறுபடியும் துணைவியார் அவர்களே வந்தார். மைக்கைத் துண்டால் மூடி வைத்தேன். அவர் கண் துண்டையே பார்த்தது, வாய் அறிவிப்புக்கே போனது. வியர்த்துக் கொட்ட, "வர மாட்டேங்குதுடா" என்றார். அதைச் சொல்லும்போதே தொண்டை கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு பேச முடியவில்லை. அவரிடமிருந்து அவரை எப்படி வெளியே எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து சித்தப்பா பிழைத்து வந்தார். அன்று பதிவானதைச் சிடியில் போட்டுக்கொண்டு ஹெப்பகோடிக்குப் போனேன். சித்தி தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, ஏதோ கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவள் போலக் கடைசிவரை கேட்டாள்.

"நல்லாதான் கீதுப்பா. ஊருக்குப் பேசறவரு அப்படியே பேசறாரு. என்னாண்ட பேசறவரு எங்கடா?"

கட்டிலில் சாய்ந்திருந்த சித்தப்பா அவளைப் பார்த்து வாயசைத்தார். "இந்தாமே" என்றுதான். கழுத்துத் துளையில் கட்டியிருந்த துணி மட்டும் லேசாக அசைந்தது. சித்தி சிடி பிளேயர் பக்கம் திரும்பி, சிடியை எடுக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாள். அவர் இன்னொரு முறை கூப்பிட்டார்.