சல்லடைக் கொட்டகைத் தண்ணீர்

பருத்தி எடுத்து முடித்த காட்டில் மிச்சமாக நிற்கும் காய்ந்த செடியை யாரும் மதிப்பதில்லை. நின்ற இடத்திலேயே கொளுத்திவிடுவார்கள். அந்தத் தண்டை லாரி லாரியாக வாங்கி, நொறுக்கி, உலர்த்தி, சலித்து, பசை கலந்து, சூடான இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் அலமாரிக்கும் மேசைக்கும் ஆகிற பலகை கிடைக்கும். அப்படிப் பலகை செய்கிற தொழிற்சாலையில்தான் அவள் கல்யாணமான மறுவருடமே சல்லடை வேலைக்குச் சேர்ந்தாள். சேர்த்துவிட்டது அங்கே முன்பே சல்லடையில் நின்ற அவள் நாத்தனார், கணவனின் அக்கா.

உலர்த்தி எந்திரத்திலிருந்து சுடச்சுட விழும் தூளைச் சல்லடை குலுக்கும். தண்டின் நடுவிலிருந்த பஞ்சுபோன்ற பகுதி தூளாகப் பிரிந்து கொட்டகை முழுக்கப் பறக்கும். எதிரே நிற்பவள் இருமினால்தான் அவள் அங்கே இருப்பது தெரியும். நார் முடிச்சுகளைக் கையால் பொறுக்க வேண்டியிருந்ததால் பெண்கள் சல்லடையை விட்டு நகர முடியாது. சாயங்காலம் வாசலில் கேட்கும் இருமலை வைத்தே, வந்தது அம்மாவா அத்தையா என்று பிள்ளைகள் சொல்லிவிடும்.

"இந்த வேலைய நீ விடும்மா. இல்லன்னா அது உன்ன விடாது" என்றார் மருத்துவர். நுரையீரலில் பாதிதான் வேலை செய்கிறதாம். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அவள் கண்டுபிடித்த வழி, அதே ஆலையில் பலகையை அழுத்தும், தூசி இல்லாத பிரஸ் பகுதிக்கு மாறுவது.

பிரஸ்ஸில் பெண்கள் நிற்கக்கூடாது. நின்றால் பலகை வெடிக்குமாம். தகடுகள் திறக்கும்போது பட்டென்று ஒரு சத்தம் கேட்கும். பலகை நடுவில் பிளந்து வயிறு உப்பிக் கிடக்கும். வாரத்தில் சில அப்படிப் போய்க்கொண்டுதான் இருந்தன. எதற்கும் விளக்கம் வைத்திருந்ததால் 'வாத்தியார்' என்று பெயர் வாங்கியிருந்த மூத்த பிரஸ்காரர் இதற்கும் ஒன்று வைத்திருந்தார்.

"ராத்திரி ஷிப்டுல ஒண்ணாவது வெடிக்குதா? பகல்லதான் வெடிக்குது. பகல்ல யார் இருக்கா? பொம்பளைங்க. வேற என்ன சாட்சி வேணும்?"

இரவில் செய்த பலகைகளில் நார் முடிச்சு துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு ஆண்கள் நின்றதுதான் காரணம் என்று ஒருவரும் சொன்னதில்லை. பொறியியல் படித்த மேலாளர் வாத்தியாரின் பேச்சை நம்பவுமில்லை, மறுக்கவுமில்லை. மறுக்காமல் இருப்பதில் செலவு கிடையாது.

பிரஸ்காரர்கள் இருவர் சேர்ந்தாற்போல் வேறு ஆலைக்குப் போனபோது அவள் மேலாளர் முன்னால் போய் நின்றாள். ஆள் இல்லாத நெருக்கடியில் கொள்கையெல்லாம் தளர்ந்துவிடும். "ஒரு வாரம் பாக்கலாம். வெடிச்சா பழைய எடத்துக்கே போயிடணும்" என்றார்.

முதல் நாள் பலகைகள் முழுசாக வந்தன. மறுநாள் ஒன்று வெடித்தது.

"நான் வாயே தொறக்கல" என்றார் வாத்தியார், வாயைத் திறந்து.

பசை கலக்கக் காத்திருந்த தூளில் அவள் ஒரு பிடி அள்ளினாள். உள்ளங்கையில் ஒட்டியது. காய்ந்த தூள் ஒட்டாது. சல்லடைப் பெண்கள் தூசியை அடக்க, சூப்பர்வைசர் கண்ணில் படாமல், தூளின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அவளும் வருடக்கணக்காகத் தெளித்தவள்தான். ஈரத்தை அளக்கும் கருவி உலர்த்தியின் வாயில் இருந்தது; அதற்குப் பிறகு சேர்ந்த தண்ணீர் அதற்குத் தெரியாது. பிரஸ்ஸின் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் பலகையைக் கிழித்தது. இரவு ஆண்கள் சல்லடையை ஓடவிட்டு வெளியே பீடி குடிக்கப் போய்விடுவதால் அவர்களுக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. வாத்தியார் கண்டது சரி, சொன்ன காரணம்தான் தப்பு.

சாப்பாட்டு வேளையில் நாத்தனாரைக் குழாயடியில் பிடித்தாள்.

"அண்ணி, இந்த ஒரு வாரம் மட்டும் தண்ணி தெளிக்காதீங்க."

"ஒரு வாரம் மூச்சு விடாம இருன்னு சொல்ற."

"வெடிக்கிறது அதனாலதான் அண்ணி. என்னத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"வந்தா வா. உன் சல்லடை அங்கேயேதான் இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் நாத்தனாருக்கு இருமல் வந்துவிட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். நிமிர்ந்தபோது கண்ணில் நீர். "போட்டுக் குடுத்துடாத. மாட்டினா வேலை போயிடும்."

அன்று மாலைக்குள் இன்னொன்று வெடித்தது. உள்ளே வந்த மேலாளர் உப்பிய பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நாளையிலேருந்து சல்லடைக்கே போயிடும்மா."

"போறேன் சார். போனாலும் வெடிக்கும்" என்றாள் அவள். "தூள்ல தண்ணி இருக்கு. நாங்கதான் தெளிக்கிறோம், நானும் தெளிச்சேன். தெளிக்கலன்னா அங்க மனுஷங்க நிக்க முடியாது. யாரையாவது வேலைய விட்டு அனுப்பணும்னா என்னைய அனுப்புங்க. ஆனா அதுக்கு முன்னாடி அங்க போய்க் கொஞ்ச நேரம் நின்னு பாருங்க."

மேலாளர் நின்று பார்க்கவில்லை. ஆளை அனுப்பிக் குழாய்க்குப் பூட்டுப் போட்டார். மறுநாள் பெண்கள் சல்லடையை நிறுத்திவிட்டுச் சாக்குகள் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். அவளும் போய் உட்கார்ந்தாள். நாத்தனார் தள்ளி இடம் விட்டாள், அவள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

"கெட்டிக்காரி. எல்லாரையும் ஒண்ணா மாட்டிவிட்டுட்ட."

"நீங்கதானே அண்ணி சேர்த்துவிட்டீங்க."

பக்கத்தில் ஒருத்தி சிரித்தாள், சிரிப்பு இருமலாக முடிந்தது.

தூள் வராமல் பிரஸ் சும்மா கிடந்தது. பலகையைத் தேய்த்து மெருகேற்றும் பகுதியில் தூசி உறிஞ்சும் பெரிய குழாய் ஒன்று முன்பே இருந்தது. பலகையின் முகத்தில் தூசி படியக்கூடாது என்று வாங்கியது. மனித முகத்துக்கென்று எதுவும் வாங்கியிருக்கவில்லை. மதியத்துக்கு மேல் அதிலிருந்து ஒரு கிளையைச் சல்லடைவரை நீட்ட ஒத்துக்கொண்டார்கள். பெரிய செலவு ஒன்றும் ஆகவில்லை. இத்தனை வருடம் ஏன் செய்யவில்லை என்றும் யாரும் கேட்கவில்லை.

குழாய் வந்தபின் யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. பிரஸ்ஸுக்கு வேறு ஆள் கிடைக்காததால் அவள் மறுபடி அங்கே நின்றாள், பலகைகள் முழுசாக வந்தன. வாத்தியார் சில நாள் யோசித்துவிட்டுப் புது விளக்கம் சொன்னார்.

"எந்திரம் இப்ப உன்னப் பழகிக்கிச்சு."

"தண்ணிய எடுத்துட்டோம் சார்."

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றார் பெரிய மனதோடு.

அடுத்த முறை மருத்துவர் அவள் முதுகில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டார். நுரையீரலில் போனது போனதுதான், மிச்சமிருப்பது இனிமேல் குறையாது என்றார். அவள் எழுந்து கதவைத் திறந்தாள். வெளியே பெஞ்சில் காத்திருந்த நாத்தனாரை உள்ளே கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்காரவைத்தாள்.