குடோன் ஒப்பந்தத்தில் ஒரு குடித்தனம்

என் அத்தானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, தெரு வைத்த பெயர் 'ஷரத்து'. வக்கீல் ஆபீசில் பதினெட்டு வருஷமாகக் குமாஸ்தா. வாடகைத் தகராறு, பாகப்பிரிவினை, வேலையை விட்டு நிறுத்திய விவகாரம், எதைக் கேட்டாலும் கேட்டதற்கு மேலேயே ஆலோசனை சொல்வார். மழைக்கு ஒரு குடை கேட்டேன் ஒருநாள். "எப்ப திருப்பித் தருவீங்க மாப்ள?" என்று தேதி கேட்டுக்கொண்டுதான் கொடுத்தார்.

அக்கா குடியேறிய கீழ் போர்ஷனுக்கு வாடகை ஒப்பந்தத்தை அவரேதான் தயார் செய்தார். பழைய ஒப்பந்தம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் திறந்து, பெயரையும் கதவு எண்ணையும் மாற்றி அச்செடுப்பது அந்த ஆபீஸ் வழக்கம். அன்று அவர் திறந்தது சிமெண்ட் குடோன் ஒப்பந்தம். மனுஷன் படித்துப் பார்க்கவில்லை. தான் அடித்ததைத் தானே சரிபார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மாவும், ஷரத்து எழுதினால் சரியாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருஷம் கழித்து அந்த அம்மாவின் மகனுக்குக் கீழ் போர்ஷன் தேவைப்பட்டது. அவன் ஒப்பந்தத்தைப் படித்துத் தொலைத்தான். ஒன்பதாவது ஷரத்து: 'மேற்படி இடத்தில் எவரும் சமைக்கவோ, இரவில் தங்கவோ கூடாது. மீறினால் உடனே காலி செய்ய வேண்டும்.' சட்டப்படி பார்த்தால் அக்கா மூன்று வருஷமாக வேளை தவறாமல் குற்றம் செய்திருக்கிறாள்.

அக்கா தையல்காரி. பிளவுஸ் தைக்கக் கொடுப்பவர்கள் எல்லோரும் அந்தத் தெருப் பெண்கள். தெருவை விட்டால் பிழைப்பும் போய்விடும்.

வீட்டுக்கார அம்மா நல்ல மனுஷி. எங்கள் மூவரையும் மாடிக்குக் கூப்பிட்டு அத்தானிடம் சொன்னார்.

"தம்பி, இது கை தவறி விழுந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும். என் பையன நான் பாத்துக்கறேன்."

அக்கா அத்தான் முகத்தையே பார்த்தாள். நானும் பார்த்தேன். அத்தான் கண்ணாடியைத் துடைத்தார், காகிதத்தை வாங்கினார், ஒன்பதாவது ஷரத்தை இரண்டு முறை படித்தார்.

"டிராஃப்ட்ல தப்பு இல்லீங்க. ஷரத்து தெளிவா இருக்கு. நாங்கதான் மீறியிருக்கோம்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வீட்டுக்கார அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த மாதமே காலி செய்தார்கள். போகிற வழியெல்லாம், அந்த வாசகம் எந்தக் கோர்ட்டிலும் நிற்கும் என்று அத்தான் எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். நான் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டிருந்ததால் தப்பித்தார்.

புது வீடு ஊரின் மறுகோடியில். அங்கே ஒரு ஆளுக்கும் அக்காவைத் தெரியாது. ஒப்பந்தம் எழுதும் நாளில் அத்தான் பேனாவோடு வந்து உட்கார்ந்தார். அதற்குள் அக்கா ஒரு தாளில் அரைப்பக்கம் தன் கையாலேயே எழுதி முடித்திருந்தாள். இன்னார் வீட்டில் இன்னார் குடியிருப்பார், சமைப்பார், தூங்குவார், துணி தைப்பார்.

"குடு, ஒரு தடவ பாத்துடறேன்" என்று கையை நீட்டினார் அத்தான்.

"பாக்க வேண்டாம்" என்றாள் அக்கா. "சாட்சி எடத்துல மட்டும் கையெழுத்துப் போடுங்க."