சூலூர் கல்யாணமும் நடராஜண்ணனின் கீஃப்ரேமும்

நடராஜண்ணன் போய்விட்டார். இன்று காலை. ஹார்ட் அட்டாக்...

என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் பலருக்கு அவரைத் தெரியாது. ஆர்.எஸ்.புரத்தில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் கல்யாண லைவ் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கேமராவில், நான் பக்கத்தில் லேப்டாப்பில்.

அவரிடம் யாரும் கீஃப்ரேம் பற்றிக் கேட்டுவிடக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்வார்.

"அம்மணி, வீடியோவுல எல்லாப் படமும் முழுசாப் போறதில்லீங்க. ஒரு முழுப் படம் போகும். அப்பறம் எது அசையுதோ அது மட்டும் போகும். அந்த முழுப் படந்தான் கீஃப்ரேமு."

அதிலும் இரண்டு வகையாம். ஒன்று முழுப் படமாக இருந்தாலும், பின்னால் வருகிற படங்கள் பழசைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று பழசையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். லைவுக்கு இரண்டாவதுதான் வேண்டும் என்று எங்கள் முதலாளியோடு ஒரு வாரம் சண்டை போட்டார். "ங்க" போட்டுத்தான்.

ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த சரசு அக்கா, அவர் மனைவி, இதை முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இவரு மொத வகைங்க. நேத்தைய சண்டைக்கு நம்ம கல்யாணத்துல இருந்து ஆரம்பிப்பாரு."

அண்ணன் அன்று கீஃப்ரேமை விட்டுவிட்டு ரசத்தைப் பற்றிப் பேசினார். அபூர்வம்.

அப்புறம் அந்தச் சூலூர் கல்யாணம்...

பெண்ணின் அண்ணன் கனடாவில். லீவு கிடைக்கவில்லை. மொபைலில்தான் தங்கச்சி கல்யாணத்தைப் பார்க்க வேண்டும். மண்டபத்தில் நெட் மோசம் என்று, டேட்டாவை மிச்சம் பிடிக்க நடராஜண்ணன் கீஃப்ரேம்களை ரொம்பத் தள்ளித் தள்ளி வைத்திருந்தார்.

முகூர்த்த நேரத்தில் பெண்ணின் அப்பா போனோடு ஓடி வந்தார். கனடாவிலிருக்கும் பையனுக்கு லைன் கட்டாகி, மறுபடி உள்ளே வந்திருக்கிறான்.

"ஏனுங்க, எல்லாமே சாம்பக் கலரா இருக்குதாமுங்க! மாப்பிள்ளை கை மட்டும் தனியா ஆடுதாம்!"

"கை தெரியுதுங்களா? அப்ப நெட்டு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் நடராஜண்ணன்.

"தாலி கட்டப் போறாங்க சாமி!"

நடுவில் வந்தவனுக்கு முழுப் படம் கிடைக்கவில்லை, அசைவது மட்டும்தான் போகிறது. அடுத்த முழுப் படம் வருவதற்குள் தாலி ஏறிவிடும். செட்டிங்கை மாற்றினால் லைவே நின்றுவிடும். நான் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்...

அண்ணன், "ஒரு நிமிசமுங்க" என்று அப்பாவின் தோளிலிருந்த பட்டுத்துண்டை உருவி, கேமரா மேல் போட்டு மூடி எடுத்தார். காட்சி மொத்தமும் திடீரென்று மாறினால் எங்கள் சாஃப்ட்வேர் தானாக ஒரு கீஃப்ரேம் போட்டுவிடும்.

மண்டபத்து ஸ்க்ரீன் ஒரு நொடி இருட்டாகி வந்தது. பந்தியிலிருந்து ஒருவர், "கரண்டு போயிருச்சாடா?" என்று கத்தினார்.

போனில் பையன் அதைவிடச் சத்தமாகக் கத்தினான். "தெரியறாங்கப்பா! எல்லாரும் தெரியறாங்க! பாப்பா அழுவுறா பாருங்க!"

மேடையிலிருந்து, "பொண்ணோட அப்பா எங்கீங்க?" என்று கூப்பிட்டார்கள். அவர் கண்ணைத் துடைத்தபடி துண்டை மறந்து ஓடினார். தாலி ஏறியது. பையன் பார்த்தான்.

துண்டு நடராஜண்ணன் தோளிலேயே தங்கிவிட்டது. வந்தவர்களில் இரண்டு பேர் அவரைப் பெண்ணின் மாமா என்று நினைத்துக் கும்பிட்டார்கள். அவரும் கேமராவை விடாமல், "சாப்பிட்டுப் போட்டுத்தான் போகோணுமுங்க" என்று உபசரித்தார்.

வீடியோ பார்த்த பெண்ணின் அம்மாவுக்குத்தான் கோபம். "தாலிக்கு முன்னாடி என்னமோ துணி வந்து மறைக்குதுங்க. வெட்டிப் போடுங்க."

வெட்டித்தான் கொடுத்தோம்.

இன்று மதியம் சரசு அக்காவைப் பார்த்தேன். வெளியூரில் இருப்பவர்களுக்காக இறுதிச் சடங்கை லைவ் போடலாமா என்று ஸ்டுடியோ பசங்கள் கேட்டார்கள்.

"வேண்டாஞ் சாமி... பாதியில நெட்டு கட்டாச்சுன்னா இந்த மனுசன் எந்திரிச்சு வந்துருவாரு" என்றார். சிரித்தோம். அப்புறம் அவர் என் கையை விடவே இல்லை.

நாளை காலை வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். தெரிந்தவர்கள் நேரில் வாருங்கள்.

போயிட்டு வாங்கண்ணா...